இரண்டாம் வேற்றுமையில் விழுந்த எக்ஸும் ஒய்யும்

ஒரு பட்டியில் ஆடும் கோழியுமாக 30 தலை, 84 கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை?

போர்டில் இதை எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது. "பன்னெண்டு ஆடு, பதினெட்டு கோழி, மிஸ்."

சொன்னவன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் மாடு வாங்கி விற்கிறார்கள். செவ்வாய்க்கிழமையானால் விடியற்காலையில் அப்பாவோடு பொய்கைச் சந்தைக்குக் கிளம்பிவிடுவான். அன்று சாயங்காலம் டியூஷனுக்கு வந்தாலும் பாதித் தூக்கம்தான். கணக்குப் பரீட்சையில் நாற்பதைத் தாண்டியது இல்லை.

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"எல்லாம் கோழின்னு வெச்சிக்கினா அறுவது காலு. மிச்சம் இருபத்தினாலு காலு கீது இல்ல? அது ஆட்டோடது. ஒரு ஆட்டுக்கு ரெண்டு காலு ஜாஸ்தி. பன்னெண்டு ஆடு."

சரி, இதையே எக்ஸ், ஒய் வைத்து நோட்டில் எழுது என்றேன். இருபது நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் இப்படி எழுதி வைத்திருந்தான்: எக்ஸ் = ஆடு, ஒய் = கோழி. 4 எக்ஸ் + 2 ஒய் = 30. அந்த 84 எங்கே போவது என்று தெரியாமல் பக்கத்தின் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

காட்பாடியில் என் வீட்டு மாடியில், தகரக் கூரையின் கீழே, பதினோரு வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். வேலூர் வெயிலில் அந்தக் கூரை செய்கிற வேலை தனிக் கதை. சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாத பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என்று ஒன்பதாம் வகுப்பில் வருவதை எல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். சமன்பாட்டைக் கொடுத்துவிட்டால் சரசரவென்று போட்டுவிடுவார்கள். வாக்கியத்தைக் கொடுத்தால் பேனாவைக் கடிப்பார்கள். வாக்கியத்துக்கும் சமன்பாட்டுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு முழத் தூரத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

அந்தப் பையன் விஷயத்துக்கே வருகிறேன். அவன் செய்தது காலையும் தலையையும் கூட்டிய வேலை. 4 எக்ஸ் என்றால் ஆட்டுக் கால்கள். 2 ஒய் என்றால் கோழிக் கால்கள். காலும் காலும் சேர்ந்தால் கால்தான் வரும், தலை எப்படி வரும்? அதிலிருந்து என் மாடியில் ஒரு வழக்கம் வைத்தேன். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பக்கத்தில் அது எதைப் பற்றியது என்று ஒரு சொல் எழுத வேண்டும். எக்ஸ் + ஒய் = 30, தலை. 4 எக்ஸ் + 2 ஒய் = 84, கால். ரூபாயானால் ரூபாய், கிலோவானால் கிலோ. அந்தச் சொல் எழுத வரவில்லை என்றால் சமன்பாடு தப்பு. பாதித் தவறுகள் இதிலேயே நின்றுபோயின.

பிறகு அவன் வாயால் சொன்னதையே எழுதிக் காட்டினேன். எல்லாம் கோழி என்று வைத்தான் அல்லவா, அது முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கியது: 2 எக்ஸ் + 2 ஒய் = 60. மிச்சம் இருபத்து நாலு என்றான் அல்லவா, அது இரண்டாவதிலிருந்து இதைக் கழித்தது: 2 எக்ஸ் = 24. "நீ சொன்னதுக்குப் பேருதான்டா நீக்கல் முறை" என்றேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தான். "அதுக்கு இம்மாம் பெரிய பேரா மிஸ்?"

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. நான் வளர்ந்தது குடியாத்தம் பக்கம். அம்மாவும் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும் நூலும். நான் ஒன்பதாவது படிக்கும்போது, "இரு எண்களின் கூடுதல் 1,700, வித்தியாசம் 300, எண்களைக் காண்க" என்ற கணக்குக்கு வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். வீட்டுக்கு வந்து அழுதபடியே சொன்னேன். அம்மா கை நிற்காமல் கேட்டார்: "நானும் அத்தையும் சேந்து ஆயிரத்தி எழுநூறு சுத்தினோம். நான் அவளை விட முந்நூறு ஜாஸ்தி. அதானே?" அதானே. "முந்நூறை எடுத்து அப்பால வை. மிச்சம் ஆயிரத்தி நானூறு. ஆளுக்கு எழுநூறு. அந்த முந்நூறு என்னுது, அதை எனக்கே குடு. நான் ஆயிரம், அவ எழுநூறு." பள்ளிக்கூடத்தில் முழுப் பக்கம் பிடித்த கணக்கு ஒரு பீடிக்கு நூல் கட்டும் நேரத்தில் முடிந்தது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

இதை எல்லாம் பார்த்து வளர்ந்த நானே பின்னாளில் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்கு வழி கற்றுக்கொடுத்தேன் என்பதுதான் வெட்கம். "அதிகம்னு வந்தா கூட்டல். குறைவுன்னு வந்தா கழித்தல். மடங்குன்னு வந்தா பெருக்கல்." பாட்டாகவே சொல்ல வைத்தேன். மூன்று வருஷம் ஓடியது. ஒரு காலாண்டுத் தேர்வில் இந்தக் கணக்கு வந்தது: மூத்தவனின் சேமிப்பு இளையவனின் சேமிப்பை விட ரூ.250 அதிகம். இருவரிடமும் சேர்த்து ரூ.1,450 உள்ளது. ஒவ்வொருவரின் சேமிப்பையும் காண்க.

என்னிடம் படித்த ஒன்பது பேரில் ஆறு பேர் எக்ஸ் + 250 = ஒய் என்று எழுதியிருந்தார்கள். எக்ஸ் மூத்தவன். 'மூத்தவன்' என்று வாக்கியம் தொடங்குகிறது, 'அதிகம்' என்றால் கூட்டல், ஆகவே மூத்தவனோடு கூட்டு. மூத்தவன் 600, இளையவன் 850 என்று விடை வந்தது. கொடுமை என்னவென்றால் அதில் நாலு பேர் சரிபார்த்தும் இருக்கிறார்கள்! 600 + 250 = 850, சரி. 600 + 850 = 1,450, சரி. தங்கள் சமன்பாட்டிலேயே வைத்துப் பார்த்தால் சரியாகத்தானே வரும்? அன்றிலிருந்து விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதைச் சரிபார்த்தல் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. விடையை எடுத்துக்கொண்டு வாக்கியத்துக்குப் போ. மூத்தவனிடம் 600, இளையவனிடம் 850. மூத்தவனிடமா அதிகம்?

அந்த விடைத்தாள்களோடு நான் மாடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பேத்தியை அழைத்துப் போக எங்கள் தெரு தமிழய்யா வந்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷம். ஒரு தாளை வாங்கிப் பார்த்தவர், "ஏம்மா, இதுல கணக்கு ஒண்ணும் தப்பு இல்லையே, இரண்டாம் வேற்றுமைதானே தப்பாப் போயிருக்கு?" என்றார்.

"புரியல ஐயா."

"'இளையவனின் சேமிப்பை விட'. 'ஐ' யார் மேல உக்காந்திருக்கு? இளையவன் சேமிப்பு மேல. ஐ ஏத்தவன்தான் அளவுகோல். அளவுகோல் மேலதான் 250-ஐ வைக்கணும். வெச்சா மத்தவன் வருவான். வாக்கியத்தை எப்படிப் பொரட்டிப் போட்டாலும் ஐ யாரை விடாதோ அவன்தான்."

அவர் போன பிறகு பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். 'இளையவனை விட மூத்தவனிடம் 250 அதிகம்' என்றாலும், 'மூத்தவனிடம் இளையவனை விட 250 அதிகம்' என்றாலும் இளையவன் மேல்தான் ஐ. எந்தச் சொல் முன்னால் வருகிறது என்பதற்குத் தமிழில் மதிப்பே இல்லை. என் பிள்ளைகள் சொல் வரிசையைப் பார்த்துச் சமன்பாடு எழுதினார்கள், தமிழோ உருபில் அதை ஒளித்து வைத்திருக்கிறது. 'போல் மூன்று மடங்கு' என்பதற்கும் இதே விதிதான். 'கோழிகள் ஆடுகளைப் போல் மூன்று மடங்கு' என்றால் ஐ ஆட்டின் மேல். ஆட்டின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் கோழி. 'குறைவு' வந்தாலும் ஐ ஏற்றவனிடம் இருந்து குறைக்க வேண்டும். ஒரே விதி மூன்று இடத்துக்கும் ஓடுகிறது.

ஓடாத இடமும் இருக்கிறது, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 'ஒரு பின்னத்தின் தொகுதியுடன் 1-ஐக் கூட்ட' என்று ஒரு கணக்கு. ஒரு பெண் பிள்ளை, "மிஸ், ஐ ஒண்ணு மேல இருக்கு, அப்ப ஒண்ணுதான் அளவுகோலா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. விட, போல் என்று ஒப்பிடும் இடத்தில்தான் ஐயா சொன்ன விதி. கூட்டு, கழி என்று வினை வரும்போது 'உடன்', 'இலிருந்து' எதன் மேல் இருக்கிறதோ அதுதான் அடிப்படை. '12-இலிருந்து 5-ஐக் கழி' என்றாலும் '5-ஐ 12-இலிருந்து கழி' என்றாலும் 12 – 5தான். ஐயாவிடம் இதைச் சொன்னேன். "நீங்கல் பொருள், ஒப்புப் பொருள் ரெண்டும் ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூலே சொல்லியிருக்கேம்மா" என்று ஆரம்பித்தார். காபி ஆறிப் போகிற வரைக்கும் நடந்தது.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். எக்ஸ், ஒய் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கிறதே என்று ஆட்டுக்கு 'ஆ', கோழிக்கு 'கோ' என்று எழுதச் சொல்லியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 'கோழிகள் ஆடுகளைப் போல் மூன்று மடங்கு' என்பதற்கு ஒரு பையன் 3 கோ = ஆ என்று எழுதினான். படித்துக் காட்டு என்றேன். "மூணு கோழிக்கு ஒரு ஆடு மிஸ்." அவன் மனசில் இருக்கிற படம் சரி. ஆனால் அந்த எழுத்து கோழியையே குறிக்கிறது என்று நினைத்துவிட்டான். அது கோழி இல்லை, கோழிகளின் எண்ணிக்கை. அதனால்தான் இப்போது 'எக்ஸ் = ஆடு' என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்வதில்லை. 'எக்ஸ் = ஆடுகளின் எண்ணிக்கை', 'எக்ஸ் = ஒரு கிலோ கத்திரிக்காயின் விலை, ரூபாயில்' என்று முழுசாக எழுத வேண்டும். கை வலிக்கிறது என்பார்கள். வலிக்கட்டும்.

அதோடு தராசுப் பேச்சும் உதவியது. 2 ஆடு என்றால் 6 கோழி. ஒரு தட்டில் 2, ஒரு தட்டில் 6. சமன் ஆகணும்னா எந்தத் தட்டில் ஏற்றுவாய், இறங்கியிருக்கிற தட்டிலா, தூக்கியிருக்கிற தட்டிலா? தூக்கியிருக்கிற ஆட்டுத் தட்டில்தான் மூன்றை ஏற்ற வேண்டும், கோ = 3 ஆ. மார்க்கெட்டில் நின்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயதுக் கணக்கில் வேற்றுமையை விடக் காலம்தான் கழுத்தைப் பிடிக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப் போல் 7 மடங்கு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு. பிள்ளைகள் தாய்க்கு மட்டும் ஐந்தைக் கழித்துவிட்டு மகளை அப்படியே விட்டுவிடுவார்கள். "அம்மாவுக்கு அஞ்சு வயசு குறைஞ்சப்போ நீ மட்டும் இதே வயசுல இருந்தியா?" என்று கேட்டால் சிரிப்பார்கள், அடுத்த கணக்கிலும் அதையே செய்வார்கள். ஆகவே கட்டம் போடச் சொன்னேன். மேலே முன்பு, இப்போது, பிறகு. பக்கவாட்டில் தாய், மகள். ஆறு கட்டமும் நிரம்பிய பிறகுதான் சமன்பாடு. எக்ஸ் – 5 = 7 (ஒய் – 5), எக்ஸ் + 5 = 3 (ஒய் + 5). மகளுக்கு 10, தாய்க்கு 40. அடைப்புக்குறியை விட்டால் எல்லாம் போச்சு.

ஈரிலக்க எண்ணுக்கு ரூபாய் நோட்டுதான். எக்ஸ் பத்து ரூபாய் நோட்டுகள், ஒய் ஒரு ரூபாய்க் காசுகள், மொத்தம் எவ்வளவு? 10 எக்ஸ் + ஒய். அதற்குப் பிறகு யாரும் அதை எக்ஸ் ஒய் என்று சேர்த்து எழுதியதில்லை. படகும் நீரோட்டமும் வரும் கணக்குக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. பாலாற்றில் மணலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்ததுதான் அவர்களுக்குத் தெரிந்த நீரோட்டம். எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பதாக மாற்றிச் சொல்லி ஒப்பேற்றுகிறேன்.

நான் ரசித்துச் சொல்லித்தருகிற கணக்கு ஒன்று இருக்கிறது. கி.பி. 850 வாக்கில் மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவர், சமஸ்கிருதத்தில் கணித சார சங்கிரகம் என்ற நூலை எழுதினார். எம். ரங்காச்சார்யா அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-ல் சென்னையில் பதிப்பித்தார். அதில் ஒரு கணக்கு: நாரத்தை வகைப் பழம் 9, விளாம்பழம் 7, இரண்டும் சேர்ந்து விலை 107. நாரத்தை 7, விளாம்பழம் 9 என்றால் 101. ஒவ்வொன்றின் விலை என்ன?

எங்கள் பிள்ளைகளை ஒரு முறை வள்ளிமலைக்கு அழைத்துப் போயிருந்தேன். வள்ளி கதைக்காகத்தான் எல்லாரும் போவது. அங்கே சமணக் குகையும் பாறைச் சிற்பங்களும் உண்டு. கங்க மன்னன் ராஜமல்லன் ஏற்படுத்தியது என்று கல்வெட்டே இருக்கிறது. மகாவீரர் எழுதிய அதே ஒன்பதாம் நூற்றாண்டு. அந்தச் சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொன்னேன். எல்லாரும் 9-ஐயும் 7-ஐயும் குறுக்கே பெருக்கத் தொடங்கினார்கள். 63, 49, 81 என்று எண்கள் பெருத்துக்கொண்டே போயின. சந்தைப் பையன் பெருக்கவில்லை.

"ரெண்டையும் வாங்கிட்டேன்னு வெச்சிக்கோ மிஸ். அதுல பதினாறு, இதுல பதினாறு. இருநூத்தி எட்டு. அப்ப ஒரு ஜோடி பதிமூணு." விரலை மடக்கினான். "மொத தபா வாங்கினதுல நாரத்தை ரெண்டு ஜாஸ்தி, விளாம்பழம் ரெண்டு கம்மி. அதுக்கு ஆறு ரூபா வித்தியாசம். ஒண்ணுக்கு மூணு. எட்டும் அஞ்சும்."

மகாவீரர் சொல்லும் வழி வேறு. பெரிய விலையைப் பெரிய எண்ணால் பெருக்கு, சின்ன விலையைச் சின்ன எண்ணால் பெருக்கிக் கழி, இரண்டு எண்களின் வர்க்கங்களுக்கு (81, 49) உள்ள வித்தியாசத்தால் வகு. 963-இலிருந்து 707 போக 256. அதை 32-ஆல் வகுத்தால் 8. இரண்டு வழியிலும் அதே நாரத்தை எட்டு ரூபாய்தான். கெழுக்கள், அதாவது எக்ஸுக்கும் ஒய்க்கும் முன்னால் நிற்கிற எண்கள், இப்படி இடம் மாறி நின்றால் முதலில் கூட்டிப் பார், பிறகு கழித்துப் பார் என்று இப்போது எல்லா பேட்சுக்கும் சொல்கிறேன். பையன் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம், அது கணக்கில் தோற்ற கதை. இரண்டு சமன்பாடு இருந்தால் போதும், விடை வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே சேதியைச் சொன்னால்? நேதாஜி மார்க்கெட்டில் ஒரு நாள் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் 2 கிலோ, தக்காளி 3 கிலோ, ரூ.200. இன்னொரு நாள் டியூஷன் ஆண்டு விழாச் சமையலுக்கு 4 கிலோ, 6 கிலோ, விலை ஏறவில்லை. ரூ.400 ஆகியிருந்தால் அந்த இரண்டாவது பில் முதல் பில்லின் நகல்தான், தனித்தனி விலை கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் நான் கொடுத்தது ரூ.380. போர்டில் எழுதினேன். இரண்டால் பெருக்கிக் கழித்தார்கள். 0 = 20 என்று வந்தது. வகுப்பே கத்தியது, "தப்பு மிஸ், தப்பு மிஸ்."

தப்பு இல்லை, தீர்வு இல்லை என்று அர்த்தம், வரைபடத்தில் போட்டால் இணைகோடுகள், சந்திக்கவே சந்திக்காது என்று விளக்கினேன். "ஆனா நீங்க வாங்கினீங்களே மிஸ், காய் வந்துச்சே?" என்றாள் ஒருத்தி.

அடுத்த முறை மார்க்கெட்டுக்குப் போனபோது காய்க்காரம்மாவிடம் சும்மா சொல்லி வைத்தேன், அன்னிக்கு நீங்க குறைச்ச இருபது ரூபாயால என் வகுப்புல ஒரே கலாட்டா என்று. அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெறைய வாங்கினியேன்னு கொறைச்சேன். கணக்கு வாத்தியாரம்மாவுக்கு அது கூடவா தெரியல?"